தலைச் சாய்ப்பு அழகில்லை, அவசரம்

உங்கள் கடிதத்தில் கேள்விகள் ஏழெட்டு இருந்தாலும் நீங்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வாரா வாரம் பட்ஸ் விட்டுக் குடைந்ததில் உங்கள் காக்கர் ஸ்பானியல் நாய்க்குக் காது கேட்காமல் போய்விடுமோ என்று. பட்ஸ் செவிப்பறையைக் கிழித்திருக்க வாய்ப்பு குறைவு. நாயின் காதுக் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பும். செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருக்கிறது. பட்ஸ் அழுக்கை எடுக்காது, தள்ளிக்கொண்டு போய் அந்தத் திருப்பத்தில் அடைத்துவிடும். இனி வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், "இரண்டு நாளாகத் தலையை இடது பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறான், பார்க்க அழகாக இருக்கிறது" என்று. அது அழகில்லை. அரிப்பு இருக்கிற நாய் தலையை உதறும், காதைச் சொறியும். அது பெரும்பாலும் வெளிக்காதோடு நிற்கிற தொந்தரவு. உதறாமல், சாய்த்த தலையை நிமிர்த்தாமலே ஒரு நாய் இருந்தால், சீழ் செவிப்பறையைத் தாண்டி, உடம்பை நிலையாக நிறுத்துகிற உள்காது வரை போயிருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன். வெறும் வலிக்கும் சில நாய்கள் சாய்க்கும்தான், ஆனால் எது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

இப்போதே அவனைக் கூப்பிட்டு நடக்க விட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறானா, வட்டமடிக்கிறானா? தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணைப் பாருங்கள், கருவிழி பக்கவாட்டில் விட்டுவிட்டு வெட்டுகிறதா? வாந்தி? இதில் ஒன்று இருந்தாலும் இன்றே கால்நடை டாக்டரிடம் கிளம்புங்கள். எதுவும் இல்லாவிட்டால்கூட நாளையைத் தாண்ட விடாதீர்கள். நீங்கள் பயப்படுகிற செவிட்டுத்தன்மை இந்த வழியாகத்தான் வரும்.

பேரனுக்கு வாங்கி மிச்சமிருந்த காது மருந்தை ஐந்து நாள் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். காது மருந்தில் இருக்கக்கூடிய ஜென்டாமைசின், நியோமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள் செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் உள்காதையே கெடுக்கக்கூடியவை. அதனால்தான் கால்நடை டாக்டர்களான நாங்கள் முதலில் கருவி வைத்து உள்ளே பார்க்கிறோம். வீடியோவில் சொன்னார்களாம் என்று பூண்டு காய்ச்சிய எண்ணெயும் ஊற்றியிருக்கிறீர்கள். அந்த வீடியோக்காரர் உங்கள் நாயின் காதைப் பார்த்தாரா? போகும்போது அந்த மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், காதைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருக்கிற அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் ஈஸ்ட் என்கிற பூஞ்சையா, பாக்டீரியாவா என்று தெரியும், இரண்டுக்கும் மருந்து வேறு. புளித்த மாவு வாடை என்கிறீர்களே, ஈஸ்ட்டாக இருக்கலாம்.

மற்ற பயங்களை விடுங்கள். காது வாயிலில் கொஞ்சம் பழுப்பு மெழுகு எல்லா நாய்க்கும் உண்டு. காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கிய இடம் புண்ணாகும். காதுப் பூச்சி மூளைக்குள் ஏறாது.

குணமானபின், டாக்டர் சரி என்றால், வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் குளிப்பாட்டிய பிறகும் சுத்தம் செய்தால் போதும். நாய்க்கென்றே உள்ள இயர் கிளீனரை வாங்கி, பாட்டிலைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள், சில்லென்று விட்டால் அடுத்த முறை பாட்டிலைப் பார்த்ததுமே ஓடுவான். மடலை மேலே தூக்கி, குழாய் நிறைய ஊற்றி, காதின் அடியில் அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு அவனை உதற விட்டு, பஞ்சைச் சுற்றிய விரல் எட்டுகிற வரை மட்டும் துடையுங்கள். இப்படிச் செய்தும் சில வாரத்தில் அதே வாடை திரும்பினால் கோளாறு சுத்தத்தில் இல்லை. திரும்பத் திரும்ப வருகிற காது நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் தோல் அலர்ஜி இருக்கும். அலர்ஜிக்கு அடையாளமாகப் பாதத்தை ஓயாமல் நக்குகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்து, டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.