லிவர் ரொம்ப மோசமானவங்களை வீட்ல வச்சு பாத்துக்கறவங்க கேட்ட சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி கெட்டியாயிடுற வியாதி. பகல்ல தூங்கி வழியறார், ராத்திரி பூரா முழிச்சு வீட்டையே சுத்தி வர்றார். தூக்க மாத்திரை ஒண்ணு கொடுத்துடலாமா?

பதில்: ஐயோ, கொடுக்காதீங்க. ராத்திரி பகல் இப்படி தலைகீழா மாறுறதுதான் நிறைய பேருக்கு முதல் அறிகுறி, லிவர் சுத்தம் பண்ணாம விட்ட அமோனியா மாதிரி கழிவெல்லாம் மூளைக்கு ஏறுறதால வர்றது, அது மேல தூக்க மாத்திரையும் சேந்தா ஆளை எழுப்பவே முடியாம போயிடும். "நில்லு"ன்னு கை காட்டுற மாதிரி ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கையைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க, மணிக்கட்டு சட்டுசட்டுன்னு தொங்கி தொங்கி எழும்புச்சுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். தினம் காலைல ஒரு நோட்டுல கையெழுத்து போட வைங்க. பேச்சு நல்லா இருக்கும்போதே கையெழுத்து கோணிக்கிட்டு போறதை பாத்திருக்கேன்.

கேள்வி: லாக்டுலோஸ் சிரப் குடிச்சா அஞ்சாறு தடவை போறார், பாவமா இருக்கு. நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்க, டோஸைக் குறைக்கலாமான்னு கேளுங்க. அந்த அமோனியாவை மலத்தோட வெளிய தள்ளத்தான் இந்த சிரப், அதனால எத்தனை எம்எல்ங்கறதை விட, ஒரு நாளைக்கு 2, 3 தடவை இளக்கமா போறாரா, அதுதான் கணக்கு. தண்ணியா போய் உடம்பு வத்தினாலும் மூளைக் குழப்பம் வரும், போகாம கட்டிக்கிட்டாலும் வரும்.

கேள்வி: அம்மாவுக்கு லிவரோட நரம்பு பிரச்சனையும் இருக்கு, பாதம் எரியுதுன்னு அழறாங்க. சாதாரண வலி மாத்திரை போதுமா?

பதில்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீங்க, கிட்னியை அடிச்சிடும், ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் டாக்டர் சொன்னா சரி, இவங்களுக்கு பொதுவா ஒரு நாளைக்கு 2 கிராமை தாண்ட விடமாட்டாங்க, ஆனா நரம்பு எரிச்சல் அதுக்கெல்லாம் பெருசா கேக்காது. கபாபென்டின், பிரிகாபலின்னு நரம்பு வலிக்கான மாத்திரைங்க ரெண்டும் கிட்னி வழியா வெளிய போறதால டாக்டருங்க அதைத்தான் யோசிப்பாங்க, அதுலயும் மயக்கம் வரும், மருந்து மயக்கமா லிவர் குழப்பமான்னே தெரியாம போயிடும், அதனால கம்மி டோஸ்ல ஆரம்பிப்பாங்க. வைட்டமின் பி12, சுகர் பாத்தாச்சான்னும் கேளுங்க. எரியுற அதே பாதத்துல சூடும் குத்தும் தெரியாது, அதுதான் வேடிக்கை. ஒருத்தர் ஷூவுக்குள்ள சட்டை பட்டன் கிடந்ததே தெரியாம நாள் பூரா நடந்திருக்கார், சாக்ஸ்ல ரத்தத்தைப் பாத்து அவர் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. தினம் விரலிடுக்கு வரைக்கும் பாருங்க, வெந்நீர் சூட்டை உங்க முழங்கையை விட்டு பாருங்க.

கேள்வி: புரோட்டீனே கூடாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே?

பதில்: அது பழைய காலத்து கதை. இப்ப உடம்பு எடை கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வரைக்கும் வேணும்ங்கறாங்க. தசை இருந்தாதான் அதுவும் கொஞ்சம் அமோனியாவை காலி பண்ணும். ராத்திரி படுக்கும்போது சின்னதா ஏதாவது சாப்பிட வைங்க, லிவர்ல சர்க்கரை சேமிப்பு போதாததால விடியறதுக்குள்ள உடம்பு தசையை கரைக்க ஆரம்பிச்சிடும். குறைக்க வேண்டியது உப்புதான்.

கேள்வி: எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பதில்: ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், எழுப்பினா எழுந்திரிக்காதது. வயித்துல தண்ணி இருக்கறவங்களுக்கு ஜுரமோ வயித்து வலியோ வந்தாலும்தான். போன் போட்டு யோசனை கேட்டுட்டு உக்காராதீங்க, கிளம்புங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் என்னையே திருடின்னு திட்டுறார், நானும் பதிலுக்கு கத்திடறேன்.

பதில்: யாரா இருந்தாலும் கத்தத்தான் வரும். ஆனா திடீர்னு இப்படி மாறுற அன்னைக்கு முதல்ல, கடைசியா எப்ப மலம் போனார்னு பாருங்க, கட்டிக்கிட்டதால வந்த குழப்பமா இருக்கலாம், டாக்டருக்கும் சொல்லிடுங்க. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.