கடிகாரம் நிற்காத ஆட்டம்: நேரம் கடத்துவது பற்றிச் சில கேள்விகள்

சின்னச் சின்னப் போட்டிகளில் பல வருடம் விசில் ஊதியவன் நான். கால்பந்தில் நேரம் கடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

90 நிமிடம் முடியும்போது பலகையில் கூடுதலாக 5 நிமிடம் காட்டினார்கள். ஆட்டம் 97 நிமிடத்தைத் தாண்டியது. என்ன கணக்கு சார் இது?

பலகையில் வருவது 'குறைந்தது இவ்வளவு' என்பதுதான். நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. அந்த 5 நிமிடத்துக்குள் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டால் அதுவும் சேரும். எண்ணைத் தூக்கிக் காட்டுபவர் நான்காவது நடுவர். முடிவு செய்பவர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நடுவர். நான் இரண்டு கைக்கடிகாரம் கட்டுவேன். ஒன்று அது பாட்டுக்கு ஓடும். இன்னொன்றை காயம், ஆள் மாற்றம், அட்டை, கோல் கொண்டாட்டம் என்று ஆட்டம் தடைபடும்போதெல்லாம் நிறுத்துவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பலகைக்குப் போகும். சாதாரண த்ரோ-இன்னுக்கெல்லாம் நிறுத்துவதில்லை. அப்புறம், முதல் பாதியில் கணக்குத் தப்பினால் இரண்டாம் பாதியில் ஈடுகட்டவும் கூடாது.

பலகையில் காட்டும் இந்த இஞ்சுரி டைமும் எக்ஸ்ட்ரா டைமும் ஒன்றுதானே?

இல்லை. எக்ஸ்ட்ரா டைம் என்பது, தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் ஆடும் 15+15 நிமிடம். அதற்கும் தனியாக இஞ்சுரி டைம் உண்டு.

மிதித்தவன் உள்ளே ஆடுகிறான், மிதிபட்டவன் கோட்டுக்கு வெளியே நிற்கிறான். இது என்ன நியாயம்?

உங்கள் கோபம் சரிதான், விதி எழுதுபவர்களுக்கும் அது உறைத்தது. பொது விதி: மைதானத்துக்குள் சிகிச்சை கூடாது, வெளியே போய், ஆட்டம் தொடங்கிய பிறகு நடுவர் கைகாட்டினால்தான் உள்ளே வரலாம். 2016-இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள். அடித்தவருக்கு மஞ்சளோ சிவப்போ காட்டப்பட்டு, சிகிச்சையும் சட்டென்று முடிந்துவிட்டால் அடிபட்டவர் உள்ளேயே இருக்கலாம். ஒரே அணிக்காரர் இருவர் மோதிக்கொண்டாலும், அடிபட்டவரே பெனால்டி அடிக்கப் போகிறார் என்றாலும் இப்படித்தான்.

நடிப்பவர்களுக்கு மருந்து வேறு. இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2023-24-இல் சிகிச்சை பெற்றவர் 30 விநாடியாவது வெளியே நிற்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் எம்எல்எஸ் லீகில் இன்னும் கறார்: 15 விநாடிக்கு மேல் கிடந்து, மருத்துவக் குழுவும் உள்ளே வந்துவிட்டால் 2 நிமிடம் வெளியே. பத்துப் பேராக ஆட வேண்டும் என்று தெரிந்தால் பாதி வலி அங்கேயே போய்விடும்!

அப்படியானால் கோல்கீப்பர் மட்டும் ஏன் நினைத்தபோதெல்லாம் உட்காருகிறார்?

இதுதான் இருப்பதிலேயே பெரிய ஓட்டை. 75-ஆவது நிமிடம் என்று வையுங்கள். எதிரணி வரிசையாக மூன்று கார்னர் வாங்கிவிட்டது. கோல்கீப்பர் பந்தைப் பிடித்து, பக்கத்தில் யாருமே இல்லாதபோது மெதுவாக உட்காருகிறார். ஒரு கையுறையைக் கழற்றுகிறார், விரலைப் பார்க்கிறார், அடுத்த கையுறையைக் கழற்றுகிறார். மருத்துவர் வந்து தொடையைத் தேய்க்கிறார். மற்ற பத்துப் பேரும் எங்கே? கோட்டோரம் பயிற்சியாளரைச் சுற்றி நின்று, தண்ணீர் குடித்துக்கொண்டே பாடம் கேட்கிறார்கள். கோல்கீப்பரை வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்பதால் விதி அவருக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த 2 நிமிடத்தை நடுவர் கடைசியில் சேர்த்துவிடுவார். ஆனால் எதிரணி ஏற்றி வைத்திருந்த சூடு அதற்குள் ஆறிப்போயிருக்கும். அதை எந்தப் பலகையில் காட்டுவது? என்னைக் கேட்டால், கோல்கீப்பருக்குச் சிகிச்சை நடக்கும்போது மற்றவர்கள் கோட்டோரம் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதினாலே போதும்.

கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு 6 விநாடி விதி இருந்ததே?

இருந்தது, ஏட்டில். மீறினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராக கோல் அடிக்க முடியாத, இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை) கொடுக்க வேண்டும். பெனால்டி பகுதிக்குள் அதைக் கொடுத்தால் பதினொரு பேரும் கோல் கோட்டில் வரிசை கட்டி நிற்பார்கள், அதற்கே 2 நிமிடம் போகும். அதனால் நடுவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். 2025-26 முதல் 8 விநாடி; மீறினால் எதிரணிக்கு கார்னர். கடைசி 5 விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். தண்டனை அளவானது, அதனால் கொடுக்கவும் தயக்கம் இருக்காது.

2022 உலகக் கோப்பையில் ஏன் அவ்வளவு நேரம் கூட்டினார்கள்?

போன நேரத்தை உள்ளபடி எண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஃபிஃபாவின் நடுவர் குழுத் தலைவர் கொலினா இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் தன் அணிக்காரரோடு மோதி முகத்தில் அடிபட்டார். முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் கூடியது. ஈரானின் இரண்டாவது கோல் விழுந்ததே 90+13-இல்.

யாராவது விழுந்தால் பந்தை வெளியே அடித்தே ஆக வேண்டுமா?

விதியில் இல்லை, அது பெருந்தன்மை. ஆனால் அதில் ஏடாகூடமும் நடக்கும். 1999-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் காயத்துக்காக ஷெஃபீல்டு யுனைடெட் வெளியே அடித்த பந்தை ஆர்சனல் திருப்பிக் கொடுத்தது. வழக்கம் புரியாத ஆர்சனல் வீரர் கானு அதை எடுத்துக் கொடுக்க, சக வீரர் ஓவர்மார்ஸ் கோல் போட்டுவிட்டார். ஆர்சனல் 2-1 என வென்றாலும், அதன் பயிற்சியாளர் வெங்கர் மறு ஆட்டத்துக்கு முன்வந்தார். அதிலும் ஆர்சனலுக்கே அதே 2-1 வெற்றி.

கூடைப்பந்து மாதிரி கடிகாரத்தையே நிறுத்திவிட்டால் என்ன?

2017-இல் விதி வகுக்கும் குழு, கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி 30+30 நிமிடம் ஆடலாமா என்று விவாதத்துக்கு வைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் உட்காருகிற கோல்கீப்பர் உட்காரத்தான் செய்வார். அவருக்கு வேண்டியது நிமிடம் மட்டுமில்லை என்று மேலே சொன்னேனே.

நடிக்கிறான் என்று நடுவருக்குத் தெரியாதா?

தெரியும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு ஆட்டத்தில் படுத்துக் கிடந்த பையனை "எழுந்திரு தம்பி, போதும்" என்று அதட்டினேன். காலுறையை இறக்கிக் காட்டினான், கணுக்கால் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. தலையில் அடி என்றால் யோசனைக்கே இடமில்லை, உடனே விசில்.

பந்து எடுத்துப் போடும் பையன்கள் தாமதித்தால்?

நடுவர் எச்சரிக்கலாம், நேரத்தைச் சேர்க்கலாம். வீரர் தானே இறங்கினால் வம்பு. 2013-இல் இங்கிலாந்து லீக் கோப்பையின் ஸ்வான்சி–செல்சி அரையிறுதியில் ஒரு பையன் பந்தின் மேல் படுத்துக்கொண்டான். செல்சியின் ஹசார்ட் பந்தை உதைத்து எடுக்கப் போய் சிவப்பு அட்டை வாங்கினார். இறுதிப் போட்டிக்குப் போனது பையனின் அணியான ஸ்வான்சி.