கேளுங்க சொல்றேன்: கோடிக்கு வித்த புருஷன்

கேள்வி: அண்ணா, போன ஞாயித்துக்கிழமை டிவில ஸ்ரீதேவி நடிச்ச ஹிந்தி ஜுதாய் பார்த்தோம். எங்கம்மா பாதியிலயே "இது நம்ம இரட்டை ரோஜாடி, ஹிந்திக்காரன் சுட்டுட்டான்"னு சண்டைக்கு வர்றாங்க. பக்கத்து வீட்டு தெலுங்குக்கார அக்காவோ "ரெண்டுமே எங்களுது"ங்கறாங்க. யாரு சொல்றது கரெக்ட்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அக்காதான்மா ஜெயிச்சாங்க. 1994ல எஸ்.வி.கிருஷ்ணா ரெட்டி எடுத்த சுபலக்னம், ஜெகபதி பாபு, ஆமனி, ரோஜா நடிச்சது, அதுதான் ஒரிஜினல். 1996ல கேயார் அதை தமிழ்ல இரட்டை ரோஜா ஆக்குனாரு, ராம்கி, ஊர்வசி, குஷ்பு. 1997 பிப்ரவரில ராஜ் கன்வர் டைரக்‌ஷன்ல ஜுதாய், அனில் கபூர், ஸ்ரீதேவி, ஊர்மிளா. அம்மா முதல்ல பார்த்தது தமிழ், அதனால அவங்களுக்கு அதுதான் ஒரிஜினல், விடுங்க.

சுபலக்னம் நான் பார்த்தது ஓசூர்ல, பக்கத்து வீட்டு தெலுங்கு அத்தை வீட்டு வீடியோ டெக்ல. அத்தை முறத்துல பச்சை மொச்சை உரிச்சுக்கிட்டே எனக்கு தமிழ்ல கதை சொல்லிட்டு வந்தாங்க, பணக்காரப் பொண்ணு கோடி ரூபா தர்றேன் உன் புருஷனைக் குடுன்னு கேக்கற சீன் வந்ததும் கை அப்படியே நின்னுபோச்சு. "கோடியா? நானா இருந்தா லட்சத்துக்கே தள்ளிவிட்டிருப்பேனே"ன்னாங்க. வாசல்ல பேப்பர் படிச்சிட்டிருந்த மாமா ஒரு இருமு இருமுனாரு பாருங்க!

ஹிந்தில அந்த ரேட் ரெண்டு கோடி ஆயிடுச்சு. ஆனா அங்க அது ஓடுனதுக்குக் காரணம் ரேட் இல்ல, ஸ்ரீதேவின்னுதான் நான் சொல்லுவேன். பேராசை புடிச்ச பொண்டாட்டின்னா மூஞ்சைக் கடுகடுன்னு வெச்சு வில்லி மாதிரி பண்ணிட்டுப் போயிருக்கலாம், அந்தம்மா அப்படிப் பண்ணாம, பணத்தைப் பார்த்ததும் பொம்மைக் கடைக்குள்ள விட்ட குழந்தை மாதிரி குதிக்கறாங்க, நமக்கு கோவமே வர மாட்டேங்குது, அப்புறம் புருஷன் மனசு ரெண்டாவது பொண்டாட்டி பக்கம் சாயும்போது அதே மூஞ்சி அப்படியே சுருங்கிப்போறதைப் பார்த்தா அய்யோ பாவம்னு இருக்கு. இதுக்கப்புறம் குடும்பம்னு ஒதுங்குனவங்க 2012ல இங்லிஷ் விங்லிஷ்லதான் பெருசா திரும்பி வந்தாங்க.

ஒரே ஒரு குறை எனக்கு மூணு மொழியிலயும் உண்டு. வித்தவ மேலதான் மொத்தப் பழியும், விலை போன மாப்பிள்ளை தாலி கட்டற வரைக்கும் வந்துட்டு பாவமா மூஞ்சை வெச்சுக்கிட்டா ஊரே அவருக்காக அழுவுது. நல்லா இருக்கே நியாயம்!

கேள்வி: அதே ஜுதாய் படத்துல நெத்தியில கேள்விக்குறியோட ஒருத்தர் வர்றாரே, யாரு சார் அது?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பரேஷ் ராவல். எந்நேரமும் யாரையாச்சும் புடிச்சு வெச்சு கேள்வியா கேட்டு உசுரை எடுக்கற கேரக்டர். வாரா வாரம் தபால் கட்டைப் பிரிக்கும்போது எனக்கு அவரு ஞாபகம்தான் வருது.