வாசகர் கேள்வி: ஒரே கணக்கு, இரண்டு விடை

கேள்வி: விநாடிக்கு 5,400 மீட்டர் வேகத்தில் செவ்வாயின் வளிமண்டலத்தில் நுழையும் 3,000 கிலோ விண்கலம், 240 விநாடியில் 600 கிலோமீட்டர் கடந்து, விநாடிக்கு 400 மீட்டராக வேகம் தணிகிறது. அதன்மீதான சராசரி விசை என்ன? பயிற்சிநூலிலுள்ள இந்தக் கணக்கிற்கு ஐந்தாம் படிவத்து மகள் 62,500 நியூட்டன் என்கிறாள். ஆறாம் படிவத்து மகன் 72,500 என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பிள்ளைகள் இருவரும் சரியாகவே போட்டிருக்கிறார்கள், கோட்டை விட்டவர் பயிற்சிநூலில் இந்தக் கணக்கை எழுதியவர்தான். மகள் உந்தத்தின் (நிறை × வேகம்) மாற்றத்தை நேரத்தால் வகுத்திருக்கிறாள்: 3,000 × 5,000 ÷ 240. மகன், இழந்த இயக்க ஆற்றலை (43.5 பில்லியன் ஜூல்) 600,000 மீட்டரால் வகுத்திருக்கிறான். முன்னது நேரச் சராசரி, பின்னது தூரச் சராசரி. விசை மாறாமல் இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். அப்படி இருந்திருந்தால் கலம் அந்த 240 விநாடியில் 696 கிலோமீட்டர் போயிருக்கும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்குத் திரும்பும் வளைவை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் வேகம் மிகுந்திருக்கும்போதே பிரேக்கை அழுத்திவிட்டு மீதி வழியில் ஊர்ந்தால், அழுத்திய சில விநாடிகளிலேயே பாதித் தூரம் கடந்துவிடும். அதனால் தூரக் கணக்கில் அந்த அழுத்தம் பெரிதாகவும், ஊர்ந்த நேரமும் சேரும் நேரக் கணக்கில் சிறிதாகவும் தெரியும். விண்கலத்திற்கும் இதே கதைதான். காற்றுத்தடை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. உச்சியில் வேகம் உண்டு, காற்று இல்லை. கீழே காற்று உண்டு, வேகம் தீர்ந்துவிட்டது. இடையில் ஓரிடத்தில்தான் விசை உச்சத்தைத் தொடும்.

அந்த உச்சத்தைச் சராசரி காட்டாது. மகளின் விடை பூமியின் ஈர்ப்பைப்போல் 2 மடங்கு வேகத்தணிவைத்தான் தருகிறது. ஆனால் நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 21 அன்று பூமிக்குத் திரும்பியபோது, சோயுஸ் கலம் செங்குத்தான பாதையில் இறங்கியதால், ஏறத்தாழ 8 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது.

விசை என்பது உந்தம் மாறும் வீதம் என்று நியூட்டன் விதி சொல்வதால், ‘சராசரி விசை’ என்று மட்டும் கேட்டால் தேர்வில் மகளின் விடையையே எழுதலாம். மகனையும் விட்டுவிட வேண்டாம். வெப்பக் கவசத்தை வடிவமைப்பவருக்கு அவன் கணக்கிட்ட ஆற்றல்தான் வேண்டும். இரண்டுமே நிகர விசைகள், அதாவது காற்றுத்தடையும் ஈர்ப்பும் சேர்ந்த விளைவு. காற்றுத்தடையை மட்டும் பிரித்தறிய, இக்கலத்தின்மீது ஏறத்தாழ 11,100 நியூட்டனாக இருக்கும் செவ்வாயின் ஈர்ப்பில், பாதையின் சரிவுக்கேற்ற பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.