பழம் பறிக்கப் போகும்போது மொழியும் வளர: கேள்வி பதில்

கேள்வி: நாலு வயது மகளைப் பழம் பறிக்கக் கூட்டிப் போகிறோம். மொழிக்கென்று அங்கே என்ன செய்யலாம்?

பதில்: பேசுங்கள், அது போதும். நோட்டும் பென்சிலும் வீட்டிலேயே இருக்கட்டும். "இது என்ன நிறம்?" என்றால் ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கொய்யாவைத் தொடவிட்டு, "பறிக்கலாமா, விடலாமா? ஏன்?" என்று கேளுங்கள். அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு, வேணாம்" என்பாள். முடிவும் காரணமும் சேர்ந்த பேச்சு அது. அதையே நீங்கள் கொஞ்சம் நீட்டுங்கள்: "ஆமாம், இது இன்னும் காய். பக்கத்தில் லேசாக மஞ்சள் ஏறியிருக்கிறதே, அது செங்காய்." பிஞ்சும் காயும் பழமும் ஒரே கிளையில் தெரியும்போது படம் காட்டி விளக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: ஆறு வயதுப் பையன் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிறான்.

பதில்: இலை, கிளை, பழம். மூன்று எழுத்தும் ஒரு மரத்திலேயே இருக்கின்றன. லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும். ளகரத்துக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் வளையும், ஆனால் தொடாது. அவன் தவறும்போது "தப்பு" என்று நிறுத்தாதீர்கள். நீங்கள் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பிள்ளை, "தோட்டத்துக்குப் போனேன், பழம் பறித்தேன், நன்றாக இருந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறாள்.

பதில்: அன்றைய நாள் முழுவதையும் கேட்டால் அப்படித்தான் வரும். ஒரே ஒரு பழத்தைப் பற்றிக் கேளுங்கள். எட்டாமல் போனதா? எறும்பு மொய்த்ததா? யார் கிளையைத் தாழ்த்திப் பிடித்தார்கள்? அவள் சொல்லச் சொல்ல, திருத்தாமல் நீங்கள் எழுதுங்கள். அப்புறம் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் தயங்காமல் வாசிப்பாள். இந்த வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: பக்கத்தில் தோட்டமே இல்லையே?

பதில்: காய்த்த மரம் ஒன்று போதும்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு?

பதில்: மாங்காயும் கொய்யாவும் முற்றியிருந்தால் பறித்த பிறகும் பழுக்கும், திராட்சையும் ஆரஞ்சும் பழுக்காது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எது பழுக்கும், எது பழுக்காது என்று முதலில் அவர்களே ஊகித்து எழுதட்டும். பிறகு தினமும் தொட்டு, முகர்ந்து, ஆளுக்கு ஒரு வரி. ஊகம் பொய்த்துப்போனால் அதை அடிக்க வேண்டாம். அடியிலேயே "ஏன் அப்படி நினைத்தேன்" என்று எழுதச் சொல்லுங்கள்.