நீங்கள் போடாத ஓட்டு யாருக்கு லாபம்?

கேள்வி: கள்ள ஓட்டு, எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. மனம் வெறுத்துப்போய் ஓட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டேன். நேர்மை இல்லாத தேர்தலில் என் ஒரு ஓட்டு விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. கள்ள ஓட்டுப் போட நினைப்பவர்கள் முதலில் தேடுவதே வராதவர்களின் பெயரைத்தான். இறந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், அப்புறம் உங்களைப்போல வெறுத்துப்போய் வீட்டில் இருந்துவிடுபவர்கள். காலையிலேயே போய் ஓட்டைப் போட்டு, பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே குறி விழுந்துவிட்டால், அதற்கு மேல் அந்தப் பெயரில் இன்னொருவர் வந்து நின்றால் அங்கேயே மாட்டிக்கொள்வார். வாக்காளர்களில் பெரும்பாலானோர் வந்துவிட்ட சாவடியில் கள்ள ஓட்டுக்கு மிஞ்சுகிற இடம் மிகக் குறைவு.

சரி, எண்ணிக்கையில் நடக்கும் மோசடிக்கு என்ன செய்வது என்பீர்கள். ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2019 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலைப் பாருங்கள். பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிகாவே வென்றதாக அறிவித்தார்கள். ஆனால் சாவடிகளிலிருந்து வந்த முடிவுத் தாள்கள் பலவற்றில், எழுத்துப் பிழையை அழிக்கப் பூசுவோமே அந்த வெள்ளைத் திரவத்தைப் பூசி, எண்களை மாற்றி எழுதியிருந்தார்கள். மக்கள் மாதக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்ல வந்த ஐந்து நீதிபதிகளும் குண்டு துளைக்காத கவச உடை அணிந்து வந்தார்கள். தேர்தல் செல்லாது என்றார்கள். அந்த ஜூன் மாதமே மறுதேர்தல் நடந்து லாசரஸ் சக்வேரா வென்றார். 'இங்கே எதுவும் மாறாது' என்று அந்த மக்களும் வீட்டில் இருந்திருந்தால், தீர்ப்பு வந்த பிறகும் மறுதேர்தலில் ஓட்டுப் போட யார் இருந்திருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோற்றவர்கள் எல்லாரும் 'மோசடி' என்று கூவினால், உண்மையான மோசடியும் அந்தக் கூச்சலில் அடிபட்டுப் போகும். 2016 மே மாதம் ஆஸ்திரியாவில் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் வித்தியாசம் வெறும் 30,863 ஓட்டு. தபால் ஓட்டு உறைகளைச் சில இடங்களில் நேரத்துக்கு முன்பே, இருக்க வேண்டியவர்கள் இல்லாமலே பிரித்துவிட்டார்கள் என்று புகார் வந்தது. யாரும் ஓட்டுகளை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று அரசமைப்பு நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் விதியை மீறி எண்ணியது மீறியதுதான் என்று தேர்தலை ரத்து செய்தது. டிசம்பரில் திரும்பவும் தேர்தல். முதலில் வென்ற வான் டெர் பெல்லன்தான் மறுபடியும் வென்றார், இன்னும் பெரிய வித்தியாசத்தில். இதில் தோற்ற தரப்பு வெறும் கூச்சலோடு நின்றுவிடவில்லை. எந்த இடத்தில், எந்த விதி, எப்படி மீறப்பட்டது என்று எழுத்தில் எழுதி நீதிமன்றத்தில் வைத்தார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இறந்துபோன உறவினர் யாராவது பட்டியலில் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நம்பிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது என்றால், வெளியே நின்று சந்தேகப்படாமல் உள்ளே போய் உட்காருங்கள்: உங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் பூத் ஏஜென்டாக. சாவடியின் கணக்குத் தாளில் கையெழுத்துப் போடும் முன் எண்களை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள், நகல் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.