யாழ்ப்பாணத்தில் எங்கே சாப்பிடலாம், எத்தனை மணிக்குப் போகலாம்: கேள்வி பதில்

ஊருக்கு வருகிற ஆட்கள் சாப்பாட்டுக் கடை பற்றி என்னிடம் தொடர்ந்து கேட்டபடி இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாண நகரத்தை அடுத்த திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவன். வேலை நகரத்தில் என்பதால் பல வருடங்களாகக் காலையும் மத்தியானமும் கடைச் சாப்பாடுதான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் எந்தக் கடை என்பதை விட எத்தனை மணி, என்ன கிழமை என்பதுதான் பெரிய விஷயம். நல்ல கடைக்குப் பிந்திப் போனால் ஆறின சோறுதான். சாதாரண கடைக்கு நேரத்துக்குப் போனால் அடுப்பிலிருந்து இறக்கின பிட்டு கிடைக்கும்.

அண்ணை, இரவு பஸ் எங்களை விடியற்காலை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? (கொழும்பிலிருந்து)

இறங்கியதும் சாப்பாடு தேட வேண்டாம். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். தங்குமிடத்துக்குப் போய் முகம் கழுவி, பிள்ளைகளைக் கொஞ்சம் படுக்க விட்டு, ஏழரை எட்டு மணிக்குத் திரும்பி வாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மலாயன் கபே இருக்கிறது. பழைய சைவக்கடை. மாபிள் மேசை, மர அலுமாரி, வாழை இலை எல்லாம் இன்றைக்கும் உண்டு. தோசை கேளுங்கள், கூடவே உளுந்து வடை கேளுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து நீங்களே எடுத்துக்கொண்டு போய், கை கழுவுகிற இடத்தில் அதற்கென்று இருக்கிற துவாரத்துக்குள் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு.

வெளியூர்க்காரர் சிலர் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. எங்கள் கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், வாய்ப்பன் என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. எடுத்ததை எண்ணித்தான் கணக்குப் போடுவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

பிள்ளைகளுக்கு உறைப்பு ஒத்துவராது. என்ன கேட்டு வாங்குவது? (அதே குடும்பம்)

இடியப்பமும் சொதியும். தேங்காய்ப் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டுக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுகிற சொதி அது. மிளகாயை எடுத்து ஒதுக்கிவிட்டால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். பால் அப்பமும் நல்லது. சம்பலை மட்டும் அவர்களின் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள்.

அண்ணா, நாங்கள் மதுரை. தோசை, இட்லி, புட்டு எல்லாம் எங்களுக்கும் உண்டே. அங்கே வந்து அதையே ஏன் சாப்பிட வேண்டும்?

நியாயமான கேள்விதான் தம்பி, ஆனால் பெயர் ஒன்று, சாமான் வேறு. எங்கள் வீடுகளில் தோசை மாவுக்கு வெந்தயம் போட்டு அரைப்பார்கள், கொஞ்சம் கோதுமை மாவும் சேர்ப்பார்கள். மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து மாவுக்குள்ளேயே கொட்டுவார்கள். அதனால் தோசை மெத்தென்று, மஞ்சளாக, வாசமாக இருக்கும். முறுகலை எதிர்பார்த்து வராதீர்கள். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாய் இடித்த சிவப்புச் சம்பல் வரும். சாம்பார் இரண்டாம் பட்சம்தான்.

பிட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள். நீத்துப்பெட்டி என்பது பனையோலையால் பின்னின கூம்பு. ஆவி ஓலைக்குள்ளால் ஏறும்போது அந்த ஓலை மணம் மாவில் பிடிக்கும். அலுமினியக் குழலில் அவித்த பிட்டுக்கு அது வராது. கடையில் நுழைந்ததும் ‘நீத்துப்பெட்டிப் பிட்டோ?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் உட்காருங்கள். கத்தரிக்காய்ப் பால் கறியோ மீன் குழம்போ எது இருந்தாலும் அதோடு குழைத்துச் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் கடைசிப் பிடி பிட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் பிசைவோம். அதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

அம்மாச்சி என்கிறார்களே, அது என்ன? போகத்தான் வேண்டுமா? (மட்டக்களப்பு)

கட்டாயம் போங்கள். திருநெல்வேலியில், பலாலி வீதியோடு இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்களே சமைத்துப் பெண்களே விற்கிற உணவகம். தெற்கில் இதே மாதிரியை ஹெல போஜுன் என்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் தோசை சுடுவார்கள், பக்கத்து அடுப்பில் அப்பம், அடுத்ததில் வடை. இலைக்கஞ்சி, குரக்கன் (கேழ்வரகு) பலகாரம், பழச்சாறு எல்லாம் உண்டு. எடுத்துக்கொண்டு வந்து மரநிழலில் இருந்து சாப்பிட வேண்டியதுதான், பரிமாற ஆள் வரமாட்டார்.

எனக்கு இந்த இடத்தில் தனிப் பிரியம். போருக்குப் பிறகு குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கிற பெண்கள் எங்கள் மாகாணத்தில் நிறையப் பேர். வீட்டுக் கைப்பக்குவத்தை வைத்து ஒரு பெண் உழைக்கக்கூடிய இடம் இது. விலையும் குறைவு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், ஆகவே மத்தியானம் பன்னிரண்டரைக்கு முன் போய்விடுங்கள்.

மத்தியானச் சோற்றுக்கு நல்ல கடை ஒன்று சொல்லுங்கள். சைவமோ மச்சமோ பரவாயில்லை. (கண்டி)

சைவம் என்றால் திரும்பவும் மலாயன் கபேதான். இலையில் சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, அப்பளம், ரசம் என்று வரும். அல்லது நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் மேங்கோஸ் இருக்கிறது. அங்கே இந்தியச் சாப்பாடும் கலந்திருக்கும், திறந்த வெளியில் பெரிய குடும்பமாக இருந்து சாப்பிட வசதி.

மச்சம் என்றால் ஆஸ்பத்திரி வீதியில் ஹோட்டல் ரோலெக்ஸ் நகரத்து ஆட்களுக்குப் பழக்கமான கடை. மற்றபடி எந்தக் கடைக்குப் போனாலும் பட்டியலைப் பார்த்துக் கேட்க வேண்டாம். ‘இன்றைக்கு என்ன மீன்?’ என்று கேளுங்கள். அன்று கரைக்கு வந்தது கணவாயாக இருக்கலாம், இறாலாக இருக்கலாம். சுறா வறை கிடைத்தால் விடாதீர்கள். அவித்து முள்ளெடுத்து உதிர்த்த சுறாவைத் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறுப்பது. வெறும் சோற்றுக்கு அதுவே போதும்.

நேரம் முக்கியம். சோறு பன்னிரண்டுக்குத் தயாராகும், இரண்டு மணிக்குள் நல்ல கறிகள் முடிந்துவிடும். ஒருமுறை மனைவியின் சொந்தக்காரரைக் கோட்டை, நூல்நிலையம் எல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு மூன்று மணியளவில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோறு அடிப்பானை, கறி என்று இருந்தது பருப்பும் ஒரு துண்டு மீனும் மட்டும். வயதான மாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்கு அன்றைக்கெல்லாம் மனம் சரியில்லை. அதற்குப் பிறகு விருந்தாளி வந்தால் முதலில் சாப்பாடு, பிறகுதான் கோட்டை.

வெள்ளிக்கிழமை வருகிறோம். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி சாப்பிட முடியுமா? (சிங்கப்பூர்)

பெரிய ஹோட்டல்களில் கிடைக்கும். ஆனால் வெள்ளி எங்களில் பெரும்பாலான வீடுகளில் சைவம், சிலர் செவ்வாயும் பிடிப்பார்கள். மச்சக் கடைகளும் அன்றைக்குக் குறைவாகத்தான் சமைக்கும். ஆகவே நண்டைச் சனிக்கு வையுங்கள். ஆடி அமாவாசைக்குப் பிறகு தொடங்கும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் இதே கதைதான். அந்த நாட்களில் வந்தால் சைவச் சாப்பாட்டையே அனுபவியுங்கள், அதுதான் அப்போது ஊரின் சாப்பாடு.

நண்டு பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு, நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று. எங்கள் அப்பா பறுவத்தை, அதாவது பௌர்ணமியை, அண்டி நண்டு வாங்கவே மாட்டார். கறிக்கு வறுத்து இடித்த தூள் போட்டு, இறக்கும்போது முருங்கை இலை ஒரு பிடி தூவுவார்கள். கோதுகளைக் கையால் உடைத்துச் சாப்பிடுங்கள். கரண்டியும் முள்ளும் கேட்க வேண்டாம்.

தம்பி, நான் ஊரை விட்டு வந்து முப்பத்தைந்து வருஷம். ஒடியல் கூழ் குடிக்க வேண்டும் போல இருக்கிறது. கடையில் கிடைக்குமா? (டொரொன்டோ)

ஐயா, கடைக்குப் போய் உடனே கேட்டால் கிடைப்பது அரிது. தங்கும் விடுதியில் முதல் நாளே சொல்லி வையுங்கள், சமைக்கத் தெரிந்த ஆள் இருந்தால் செய்து தருவார்கள். ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை இரண்டு மூன்று தரம் ஊற்றினால்தான் கயர்ப்புப் போகும். பிறகு மீன் தலை, நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிய வேண்டும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, கரைத்த மாவைக் கடைசியில் விட்டுத் துழாவ வேண்டும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. பத்துப் பேர் கூடினால்தான் கூழ் காய்ச்ச மனம் வரும். சொந்தம் யாராவது ஊரில் இருந்தால் மீன், நண்டை நீங்கள் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் முற்றத்தில் காய்ச்சுங்கள். பனையோலையில் பிளா (கூழ் குடிக்கிற ஓலைக் கிண்ணம்) கோலத் தெரிந்த ஒருவரையும் கூப்பிடுங்கள். கோப்பையில் குடித்தால் பாதி ருசிதான்.

என் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தார். நான் முதல் தடவை வருகிறேன். ஹலால் சாப்பாடு எங்கே? (புத்தளம்)

வாருங்கள் தங்கச்சி. ஐந்து சந்திக்குப் போங்கள். சந்தியைச் சுற்றித் திரும்பி வந்த உங்கள் ஆட்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பொழுது பட்டதும் கொத்து ரொட்டித் தகடு தட்டுகிற சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கலாம். ரொட்டியும் ஆட்டிறைச்சிக் கறியும் கேளுங்கள். கடையில் வயதானவர் யாரும் இருந்தால் வாப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். வீடு எந்த ஒழுங்கை என்று காட்டக்கூடியவர் அங்கே இருப்பார்.

கோப்பி குடித்துக்கொண்டு ஏசியில் இரண்டு மணி நேரம் இருக்க இடம்? (சென்னை)

ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடம் இருக்கிறது, நகரத்தில் புதிதாக வந்த சின்னக் கபேக்களும் உண்டு. ஆனால் உச்சி வெயிலுக்கு என்றால் நான் ஐஸ்கிரீம் கடைக்குத்தான் அனுப்புவேன். நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் ரியோ. கோயிலுக்குப் போய்விட்டு ரியோவில் ஐஸ்கிரீம் குடிப்பது இங்கே குடும்ப வழக்கம். ஆம், நாங்கள் ஐஸ்கிரீமைக் ‘குடிப்போம்’.

நகரத்துக்கு வெளியே போகிற நாளில் சாப்பாடு? (வவுனியா)

நயினாதீவு போனால் நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானம் அன்னதானம். குறிகட்டுவானில் நேரத்தோடு படகு ஏறுங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் அன்னதானம் பேர்போனது. பருத்தித்துறைப் பக்கம் போனால் ஓடக்கரையில் வீட்டோடு வைத்துத் தோசையும் அப்பமும் சுட்டு விற்கும் பெண்களை விசாரியுங்கள். மெல்லிய, மொறுமொறுத்த பருத்தித்துறை வடையையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், காற்றுப் போகாமல் வைத்தால் பல நாள் கிடக்கும்.

திரும்பிப் போகும்போது என்ன வாங்குவது, இரவு பஸ்ஸுக்கு என்ன கட்டுவது? (காலி)

நகரச் சந்தையில் பனங்கட்டிக் குட்டான் வாங்குங்கள், ஓலைப்பெட்டியோடு வரும். தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிப் பழரசம் ஒரு போத்தல். வைகாசி, ஆனி என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், தை, மாசி என்றால் பனங்கிழங்கு. பஸ்ஸுக்கு இடியப்பம்தான் நல்லது, கட்டைச் சம்பலோடு கட்டச் சொல்லுங்கள். சொதி வேண்டும் என்றால் தனிப் பையில் வாங்கி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், தேங்காய்ப் பால் இரவுச் சூட்டுக்குத் தாங்காது. கடைகள் நேரத்தோடு பூட்டுவதால் ஏழு மணிக்கே பார்சலை எடுத்துவிடுங்கள்.